சாவிக்கொத்து

இலக்கிய விமர்சனம் எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் படித்தது பி.காம். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் 'டேலி' ஆகவில்லை என்றால், எங்கேயோ ஒரு தொகை விட்டுப் போயிருக்கிறது என்பது மட்டும் தெரியும். கதை, புத்தகம் எது படித்தாலும் அதே புத்திதான். எது விட்டுப் போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன்.

இந்த வாரம் இரண்டு புத்தகங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஒன்றுக்குக் கிட்டத்தட்ட அறுநூறு வயது. இன்னொன்றுக்கு நூற்று முப்பது சொச்சம். இரண்டுமே பிள்ளை பெற்ற பிறகு மனம் நோய்ப்பட்ட பெண்களைப் பற்றியவை. இரண்டிலும் ஒரு சாவி வருகிறது. அந்தச் சாவிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

காரணம் இருக்கிறது.

திருச்சியில் நாங்கள் குடியிருந்த ஸ்டோர் வீட்டில், மாடிப் போர்ஷனில் ஒரு அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். அக்காவுக்குத் தலைப்பிரசவம். வீட்டுக்கு வந்த நாலாம் நாளிலிருந்து தூக்கம் போயிற்று. ராத்திரி பூரா நடை. "இது என் குழந்தை இல்ல, மாத்திட்டாங்க" என்று ஆரம்பித்தார். அப்புறம் சுவரோடு பேச்சு. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கீழ்வீட்டுப் பாட்டி 'பிரசவ ஜன்னி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் யாரோ புத்தி சொல்லி ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நாலு மாதத்தில் அக்கா திரும்பி வந்தார். அதே பழைய அக்கா. எனக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

எல்லாம் திரும்பி வந்தது, ஒன்றைத் தவிர. பீரோ சாவி. அது மாமியார் இடுப்புக்குப் போனது போனதுதான்.

*

முதல் புத்தகம், 'தி யெல்லோ வால்பேப்பர்'. எழுதியவர் அமெரிக்கப் பெண்மணி சார்லட் பெர்கின்ஸ் கில்மன். 1892 ஜனவரியில் ஒரு பத்திரிகையில் வந்த சிறுகதை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் படித்து முடித்துவிடலாம். ஆனால் ராத்திரி தூக்கம் போகும், சொல்லிவிட்டேன்.

கதை இதுதான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. மனசு சரியில்லை. புருஷனே டாக்டர். கோடைக்கு ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, மாடியில் ஓர் அறையில் அவளைப் படுக்க வைக்கிறான். எழுதக் கூடாது, வேலை செய்யக் கூடாது, யோசிக்கவே கூடாது. ரெஸ்ட்! குழந்தையை வேறொருத்தி பார்த்துக்கொள்கிறாள். வீட்டை நாத்தனார் நடத்துகிறாள். இவளுக்கு மிச்சம் இருப்பது சுவரில் ஒட்டியிருக்கிற மஞ்சள் காகிதம் மட்டும். அதை வெறித்துப் பார்த்துப் பார்த்து, அந்தக் கோலங்களுக்குப் பின்னால் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருப்பதாக நினைக்க ஆரம்பிக்கிறாள். கடைசி நாள் அறையை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, சாவியை ஜன்னல் வழியே தூக்கி எறிந்துவிட்டு, காகிதத்தைக் கிழிக்கிறாள். கணவன் கதவைத் தட்டுகிறான். கோடாலி கொண்டு வரச் சொல்கிறான். அவள் சாந்தமாக, சாவி கீழே 'பிளான்டெய்ன்' இலைக்கு அடியில் கிடக்கிறது என்கிறாள். முதல் தடவை படித்தபோது, அமெரிக்காவில் ஏது வாழை இலை என்று குழம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, அது வாழை இல்லை, தரையோடு படர்ந்து முளைக்கிற ஒரு களைச்செடி. கணவன் கதவைத் திறக்கிறான், மனைவி சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து மயங்கி விழுகிறான். அவள் அவன் மேல் ஏறித் தொடர்ந்து தவழ்கிறாள். முற்றும்.

இது முழுக்கக் கற்பனை இல்லை. 1885-ல் கில்மனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைத் தொடர்ந்து கடுமையான மனச்சோர்வு. 1887-ல் பிலடெல்பியாவில் சைலஸ் வியர் மிட்செல் என்கிற பிரபல நரம்பு டாக்டரிடம் போனார். 'ரெஸ்ட் க்யூர்' என்ற வைத்தியத்துக்குப் பேர் போனவர். வாரக்கணக்கில் படுக்கை, நிறையப் பால், கொழுப்பு, மசாஜ். கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன அறிவுரைகள்: முடிந்தவரை குடும்பப் பெண்ணாக இரு, குழந்தையை எப்போதும் கூடவே வைத்துக்கொள், ஆயுசுக்கும் பேனாவையோ தூரிகையையோ தொடாதே. கில்மன் சில மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். முழுப் பைத்தியமாகும் விளிம்புக்கே போய்விட்டதாகப் பின்னால் எழுதினார்.

ஒரு சுவாரஸ்யம். இதே மிட்செல், நரம்புத் தளர்ச்சி என்று வந்த ஓவன் விஸ்டர் என்கிற இளைஞரை 1885-ல் மேற்கே வயோமிங் பக்கம் போய்த் திறந்தவெளியில் சுற்றச் சொன்னார். அவர் போனார், குணமானார், பிற்பாடு 'தி வெர்ஜீனியன்' என்று கௌபாய் நாவல் எழுதிப் புகழ்பெற்றார். ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குக் கட்டில். டாக்டர் ஒருத்தர்தான், ப்ரிஸ்க்ரிப்ஷன்தான் வேறு.

1973-ல் அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ் இந்தக் கதையைத் தனிப் புத்தகமாக மறுபதிப்புச் செய்தது. அதிலிருந்து கல்லூரிகளில் பாடம். அந்தக் கடைசிக் காட்சியை விடுதலை என்று கொண்டாடியவர்கள் நிறையப் பேர். கணவன் கீழே, மனைவி மேலே. கோலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தவள் வெளியே வந்துவிட்டாள்.

இங்கேதான் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

மாடிப் போர்ஷனில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அக்கா போட்ட சத்தத்தைக் கேட்டவன் நான். அதில் விடுதலை எதுவும் இல்லை. பயம் இருந்தது. தாங்க முடியாத பயம். ஒரு நோயின் உச்சத்தைப் புரட்சி என்று கைதட்டுவது, படிக்கிறவருக்குச் சௌகரியமாக இருக்கலாம். நோயாளிக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது.

கதை மேல் எனக்குக் குறை இல்லை. எச்சரிக்கையாக எழுதிய கதை எச்சரிக்கையாகவே முடிகிறது. 1913-ல் இதை ஏன் எழுதினேன் என்று கில்மனே விளக்கினார்: யாரையும் பைத்தியமாக்க இல்லை, பைத்தியமாகாமல் காப்பாற்றத்தான். சுவர்க் காகிதத்தில் உருவங்கள் தெரிந்தது தனக்கு நடந்ததில்லை என்றும் ஒப்புக்கொண்டார். நிஜ வாழ்க்கையில் அவர் தவழவில்லை. எழுந்தார். 1888-ல் கணவரை விட்டுப் பிரிந்து குழந்தையோடு கலிஃபோர்னியா போனார். மறுபடி பேனா எடுத்தார். 1898-ல் 'பெண்களும் பொருளாதாரமும்' என்று ஒரு புத்தகம் எழுதி உலகப் பிரசித்தி ஆனார்.

ஆனால் விழுந்த கதைதான் நமக்குப் பாடம். எழுந்த கதை வாழ்க்கை வரலாற்றின் உள்பக்கங்களில்.

*

எழுந்த கதை வேண்டுமா? ஐந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டம். இன்றைக்கு கிங்ஸ் லின் என்று சொல்லப்படும் துறைமுக ஊர். அங்கே ஊர் மேயரின் மகள் மார்ஜரி கெம்ப். 1373 வாக்கில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது என்றே பலரும் நினைக்கிறார்கள். 1430-களில், வயதான பிறகு, தன் கதையைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று இதைச் சொல்வார்கள். முழுக் கையெழுத்துப் பிரதி 1934 வரை யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பெரிய வீட்டில் பிங்பாங் பந்து தேடி அலமாரியைக் குடைந்தபோது அகப்பட்டது என்று ஒரு கதை உண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், புத்தகம் முழுக்கப் படிப்பது சிரமம். அம்மையார் பக்கத்துக்குப் பக்கம் அழுகிறார். கோயிலில் அழுகிறார், கப்பலில் அழுகிறார், ஜெருசலேமில் உருண்டு புரண்டு அழுகிறார். கூட யாத்திரை வந்தவர்களே வெறுத்துப்போய்க் கழற்றிவிடப் பார்க்கிறார்கள். சம்பவங்கள் முன்னும் பின்னுமாக வருகின்றன. ஆனால் அந்த முதல் அத்தியாயம் இருக்கிறதே, அது ஒன்றுக்காகப் புத்தகத்தை வாங்கலாம்.

இருபது வயது வாக்கில் கல்யாணம். உடனே கர்ப்பம். கஷ்டமான பிரசவம். பிழைக்க மாட்டோம் என்று பயந்து, மனதில் புதைத்து வைத்திருந்த ஒரு பாவத்தைச் சொல்லப் பாதிரியாரைக் கூப்பிடுகிறார். முழுசாகச் சொல்வதற்குள் அவர் அதட்ட ஆரம்பிக்கிறார். மார்ஜரி வாயை மூடிக்கொள்கிறார். அதற்குப் பிறகு புத்தி தடுமாறுகிறது. நெருப்பு கக்கும் பேய்கள் தெரிகின்றன. கணவனையும் சொந்தங்களையும் தன்னையும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். கையைக் கடித்துக்கொள்கிறார், அந்தத் தழும்பு ஆயுசுக்கும் இருந்தது. நகத்தால் நெஞ்சைக் கீறிக்கொள்கிறார். இரவு பகலாகக் கட்டிவைக்கிறார்கள். எவ்வளவு நாள் என்பதை ஒரு கணக்குப்பிள்ளையின் துல்லியத்தோடு சொல்கிறார்: அரை வருஷம், எட்டு வாரம், சில நாட்கள்.

கட்டிவைத்தவர்கள் வில்லன்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு அவர்களிடம் மருந்து கிடையாது. கட்டியிருக்காவிட்டால் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். அவர் வார்த்தையிலேயே அது தெரிகிறது.

ஒரு நாள் தனியாகப் படுத்திருக்கும்போது ஏசு, ஊதாப் பட்டு அங்கியில், கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து அன்பாக ஒரு கேள்வி கேட்டதாகச் சொல்கிறார். மனம் தெளிகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு முக்கியம் அதற்கு அடுத்து நடப்பது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் விஷயம் பைபிள் இல்லை, ஜெபமாலை இல்லை. உக்கிராண அறையின் சாவி! முன்னே மாதிரி தானே போய்ச் சாப்பிட, குடிக்க எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்காரப் பெண்களும் காவல் இருந்தவர்களும் கணவனிடம் வேண்டாம் என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், "ஐயா, இவங்களுக்கு என்ன பேசறோம்னே தெரியாது. சாவியைக் குடுத்தா இருக்கறதையெல்லாம் வாரிக் குடுத்துடுவாங்க."

கணவன் ஜான் கெம்ப் பாவப்பட்ட மனுஷன். மனைவி மேல் இரக்கம் குறையாதவன் என்று மார்ஜரியே சான்றிதழ் தருகிறார். "சாவியைக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறான். மார்ஜரி போய், உடம்பு ஏற்ற அளவு சாப்பிடுகிறார். சொந்தக்காரர்களை, வீட்டு மனுஷர்களை அடையாளம் கண்டுகொள்கிறார்.

அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட இல்லை. குணமாவது என்றால் என்ன என்பதை இதைவிடச் சரியாகச் சொன்ன ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை. நோய் போவது ஒன்று, நம்பிக்கை திரும்பி வருவது இன்னொன்று. முதலாவதற்குக் கடவுளோ டாக்டரோ போதும். இரண்டாவதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

வணிகவியல்காரனாக எனக்கு ஒரு கூடுதல் சந்தோஷம். குணமான மார்ஜரி சும்மா இருக்கவில்லை, பிசினஸில் இறங்குகிறார். பீர் வடிக்கிறார். மூன்று, நாலு வருஷம் ஓடுகிறது; அப்புறம் நுரையே நிற்காமல் படுத்துவிடுகிறது. நஷ்டம். அடுத்து குதிரை கட்டிய மாவு மில். குதிரை முன்னால் போகமாட்டேன் என்கிறது. அதுவும் நஷ்டம். ஊர் 'சபிக்கப்பட்டவள்' என்கிறது. தன் கர்வத்துக்குக் கிடைத்த அடி என்று அவர் எடுத்துக்கொள்கிறார். நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். குணமானவர் சாதித்துக் காட்டியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாரையும் போலக் கடை போட்டு நஷ்டப்படவும் அவருக்கு உரிமை உண்டு.

*

சரி, ஐந்தொகை டேலி ஆகிறதா? ஆகவில்லை. இரண்டு புத்தகத்திலும் ஒரு பெரிய தொகை விட்டுப் போயிருக்கிறது.

குழந்தை.

கில்மனின் கதையில் குழந்தை இரண்டு, மூன்று வரிகளில் வந்து போகிறது. அதைப் பார்த்தாலே பதற்றமாக இருக்கிறது என்கிறாள் தாய், அத்தோடு சரி. மார்ஜரியின் முதல் அத்தியாயத்தில் பிரசவத்தோடு குழந்தை காணாமல் போகிறது. பதினாலு பிள்ளை பெற்றவர். அந்த முதல் பிள்ளையை மறுபடி எப்போது கையில் வாங்கினார், அது அவரை அடையாளம் கண்டுகொண்டதா, ஒரு வார்த்தை இல்லை. நிஜ வாழ்க்கையில் கில்மன் 1894-ல் தன் மகளை அப்பாவிடமே வளர அனுப்பினார். அம்மாவா இவள் என்று பத்திரிகைகள் கிழித்தன.

உக்கிராணச் சாவியைவிடப் பெரிய சாவி அதுதான். "குழந்தையை என் கையில் குடுங்க" என்று அவள் கேட்கும்போது, யார், எப்போது கொடுப்பது?

இதற்கு இலக்கியத்தைவிட மருத்துவம் நல்ல பதில் வைத்திருக்கிறது. பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும்; ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். போகாமல் நீடித்தால் அது மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் வேண்டும். மூன்றாவது ரகம்தான் அந்த அக்காவுக்கு வந்தது. போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடுதிப்பென்று வரும். தூக்கமே இல்லாமல் போவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விசித்திரமான சந்தேகங்கள். இது அவசரக் கேஸ். தாய்க்கும் சேய்க்கும் உயிர் ஆபத்து உண்டு. தாயத்துக்கு நேரமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் கட்டத்தில் சாவியை வாங்கி வைப்பதும், குழந்தையோடு தனியே விடாமல் இருப்பதும் கொடுமை இல்லை, கடமை.

நல்ல சேதி என்னவென்றால், கடுமையான மனநோய்களில் நன்றாகக் குணமாகக்கூடிய ஒன்று இது. மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் மின் அதிர்வு சிகிச்சை இருக்கிறது. சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை, மயக்கம் கொடுத்துச் செய்வது. முழுசாகத் தேற மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். அவ்வளவுதான்.

குழந்தை விஷயத்துக்கும் வழி கண்டார்கள். 1948-லேயே இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாயோடு பிள்ளையையும் சேர்த்து அட்மிட் செய்ய ஆரம்பித்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009-லிருந்து தாய்-சேய் மனநலப் பிரிவு நடக்கிறது. தாய் சிகிச்சையில் இருக்கும்போதே, நர்ஸ் பக்கத்தில் இருக்க, குழந்தையைத் தூக்கலாம், குளிப்பாட்டலாம். சாவியை மொத்தமாகப் பிடுங்கி ஒரு நாள் மொத்தமாகத் திருப்பித் தருவதில்லை. ஒவ்வொரு சாவியாக. நம் நாட்டின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதைச் சொல்கிறது: மனநல மையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

ஆஸ்பத்திரி வரைக்கும் சட்டம் வரும். வீட்டு பீரோ வரைக்கும் வராது.

கணக்குப் பதிவியலில் 'ஐயக்கடன் ஒதுக்கீடு' என்று ஒரு தலைப்பு உண்டு. திரும்ப வருமோ வராதோ என்று சந்தேகப்படும் கடனுக்காக லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது. கடன் வசூலாகிவிட்டால் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டும், அதுதான் முறை. நம் வீடுகளில் குணமாகி வந்த பெண்களின் பெயரில் இந்த ஒதுக்கீட்டை ரத்து செய்வதே இல்லை. சத்தமாகச் சிரித்தால், "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா?" கோபப்பட்டால், "மாத்திரை போட்டியா?" மற்றவர்களுக்குக் கோபம் கோபம். இவளுக்கு மட்டும் அது நோய்க்குறி.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிவிட்டார். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. என்ன எழுதிக்கிட்டிருக்கே என்று கேட்டார். தயங்கித் தயங்கி மார்ஜரி கதையைச் சொன்னேன். நெளிவார் என்று பயந்தேன். இல்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி முழுசாகக் கேட்டார்.

"எனக்கு நாலு மாசத்துல சரியாப்போச்சுடா தம்பி. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் சரியாக முப்பது வருஷம் ஆச்சு" என்றார். அப்புறம், "அந்தப் புருஷன் நல்லவன். ஆமா, சாவியை வாங்கிட்டுப் போயி முதல்ல என்ன பண்ணினாளாம்?"

"சாப்பிட்டாங்களாம்க்கா."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பந்தியே அதிர்கிற சிரிப்பு.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டு உறவுக்காரர்கள் இரண்டு பேர், சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.